தப்பான ஹைட்ரஜன்

கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறிப் பாலக்காடு போய் ஆய்வகத்துக்குள் நுழைவதற்குள் சட்டை நனைந்துவிடும். மார்ச், ஏப்ரலில் இந்தக் கணவாய்ப் பக்கம் வெயில் அப்படி. அன்றைக்கு ஸ்டோர் அண்ணன் பிவாலிக் அமிலப் பாட்டிலை ஆட்டிக் காட்டினார்.

"தம்பி, போன வாரம் கட்டியா இருந்துச்சு. இப்போ பாருங்க, பாதி தண்ணி. கெட்டுப்போச்சா?"

கெடவில்லை, அது உருகுவதே 35 டிகிரி வாக்கில்தான். வாடைதான் தாங்காது. விரலில் பட்டால் மத்தியானச் சாப்பாடு வரை கூடவே வரும்.

அந்த அமிலத்தை நம்பித்தான் நான் செய்ய நினைத்த பாலிமர், அதாவது நீளச் சங்கிலி மூலக்கூறு, இருந்தது. மின்சாரம் கடத்தும் பாலிமர்களுக்காக ஹீகர், மெக்டயார்மிட், ஷிரகாவா மூவரும் 2000இல் நோபல் வாங்கினார்கள். அந்த வகையில் ஒன்றுதான் கந்தகம் உள்ள தயோஃபீன் வளையங்களைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வது. ஸ்டில் என்ற வேதியியலாளரின் முறையில் கோப்பதென்றால் முதலில் வளையத்தில் வெள்ளீயத்தை ஏற்ற வேண்டும். அதை ஏற்ற உதவும் டிரைமெத்தில் டின் குளோரைடு கடும் விஷம். அந்தப் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் உதறும். முடிந்த பிறகு வெள்ளீயக் கழிவு வேறு மிஞ்சும்.

வளையத்தில் ஏற்கெனவே இருக்கிற கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பையே பயன்படுத்தினால் என்ன? வளையத்தின் ஒரு பக்கம் புரோமின் இருக்கும். வினையூக்கியான பல்லேடியம் முதலில் கார்பனுக்கும் அந்தப் புரோமினுக்கும் நடுவே புகுந்துகொள்ளும். அதன்மேல் ஒட்டியிருக்கும் பிவாலேட், அதாவது பிவாலிக் அமிலத்தின் அயனி, இன்னொரு வளையத்தின் ஹைட்ரஜனைக் கழற்றும். அதே வேகத்தில் அந்தக் கார்பன் பல்லேடியத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் இரண்டு கார்பனும் சேர்ந்துவிட, பல்லேடியம் அடுத்த கோர்வைக்குப் போய்விடும். 2010இல் ஜப்பானில் ஒசாவா குழு இந்த வழியிலேயே பாலி-3-ஹெக்சைல்தயோஃபீன் என்ற தயோஃபீன் சங்கிலியைச் செய்து காட்டியது. வெள்ளீயமே இல்லை. எனக்கு ஏக சந்தோஷம்.

120 டிகிரியில் வைத்துவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் குடுவைக்குள் நாவற்பழ நிறத்தில் ஜெல்லி. கலக்கும் காந்தக் குச்சி அதற்குள் புதைந்து கிடந்தது. குளோரோஃபார்ம் ஊற்றினேன், ஊறி உப்பியதே தவிர கரையவில்லை. வினையூக்கி பழசு என்று நானே தீர்ப்புச் சொல்லி, புதுசு வாங்க வைத்து, மறுபடியும் அதே ஜெல்லி. இரண்டு வாரம் வீண்.

கோளாறு வினையூக்கியில் இல்லை. கழற வேண்டிய ஹைட்ரஜன், கந்தகத்துக்குப் பக்கத்தில் வளையத்து அணுக்களை எண்ணினால் 5ஆம் இடத்தில் இருப்பது. 4ஆம் இடத்திலும் ஒன்று இருக்கிறதே! சூடும் நேரமும் தாராளமாகக் கிடைத்தால் பல்லேடியம் அதையும் தொட்டுப் பார்க்கும். சங்கிலி கிளை விடும். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் எதிலும் கரையாது. வெள்ளீயம் விஷம்தான், ஆனால் அது எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான் கோர்வை நடக்கும். நான் விஷத்தோடு சேர்த்து விலாசத்தையும் கிழித்துப் போட்டிருந்தேன்.

அடுத்த முறை சூட்டை 70க்குக் குறைத்தேன். பிவாலிக்குக்குப் பதிலாக, இன்னும் பருமனான நியோடெக்கனாயிக் அமிலம். நெருக்கமான 4ஆம் இடத்துக்குள் அது லேசில் நுழையாது. கிடைத்த பொடியைச் சாக்ஸ்லெட்டில், அதாவது கரைப்பான்களால் திரும்பத் திரும்பக் கழுவும் கருவியில், போட்டு மெத்தனால், ஹெக்சேன் என்று வரிசையாகக் கழுவி, கடைசியில் குளோரோஃபார்ம். ஆரஞ்சு நிறத்தில் இறங்கியது. பொடி வைத்த உறைக்குள் கரையாமல் நின்றது ஒரு சிட்டிகை இருக்கும்.

புது அமிலத்தின் பாட்டிலையும் அண்ணன் ஆட்டிப் பார்த்தார். "இதுவும் உருகிடுச்சே தம்பி!"

"இல்லண்ணே, இது எப்பவுமே தண்ணிதான்."