கட்டம் போட்ட நோட்டில் கொரிய எழுத்து

இப்போது இரவில் கொரிய எழுத்து எழுதிப் பழகுகிறேன். அடிப்படை மெய் 14, உயிர் 10, அவ்வளவுதான். அடையாளம் தெரிந்துகொள்வது சுலபம், கை பழகத்தான் நாள் பிடிக்கிறது. ஏனென்றால் இதை வரிசையாக எழுதிக்கொண்டே போக முடியாது, ஒவ்வோர் அசையையும் ஒரு சதுரத்துக்குள் அடுக்க வேண்டும்: உயிரில் நெடுங்கோடு நிமிர்ந்து நின்றால் மெய்க்கு வலப்பக்கம், படுத்திருந்தால் மெய்க்குக் கீழே, அசை மெய்யில் முடிந்தால் அந்த மெய் எல்லாவற்றுக்கும் அடியில். கோடு போட்ட நோட்டை வைத்துவிட்டு கட்டம் போட்டதை வாங்குங்கள், பாதி வேலை முடிந்தது.

எனக்குப் பிடித்தது 'க' ஒலிக்கான எழுத்து. அதைச் சொல்லும்போது நாக்கின் பின்பகுதி மேலெழும்பி தொண்டையை அடைக்கிறதே, அந்த வளைவுதான் எழுத்தின் வடிவம். உள்ளே ஒரு கோடு சேர்த்தால் மூச்சு கூடிய 'க' வந்துவிடும். இது யாரோ பின்னால் கட்டிய கதை இல்லை, இந்த எழுத்தை உருவாக்கிய செஜோங் மன்னர் காலத்தில் 1446இல் வந்த விளக்க நூலிலேயே இருக்கிறது (மனிதர் மொழியியல் வகுப்பே எடுத்திருக்கிறார்!).

அப்புறம் அந்த வட்ட எழுத்து. அசையின் தொடக்கத்தில் வந்தால் ஒலியே கிடையாது, சும்மா இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும், கடைசியில் வந்தால் 'ங்'. மேலே தொடங்கி இடப்பக்கமாகச் சுற்ற வேண்டுமாம், நம் கை அதற்கு லேசில் சம்மதிப்பதில்லை.