கழுத்து நோவும் சைக்கிள் ரியூப்பும்

கனடாவில் குளிர்தான் பெரும்பாடு என்று சொல்லித்தான் ஊரில் அனுப்பினார்கள். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. கழுத்துக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லிவிடவில்லை.

ஸ்காபரோவில் கிடைத்த முதல் வேலை, வெயார்ஹவுசில் பெட்டி பிரித்து அடுக்குவது. விசுவமடுவில் நெல்மூட்டை தூக்கியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பீர்கள். மூட்டை தூக்கினால் முழு உடம்பும் வேலை செய்யும். இறக்கிவிட்டு வரம்பில் குந்தி ஒரு பிளேன்ரீ குடிக்கலாம். இங்கே ஷிப்ட் முடியுமட்டும் குனிந்த தலை, ஒரே கையசைவு. பனி கொட்டத் தொடங்கிய நேரம் பின்கழுத்தில் பிடித்த நோ தோள்மூட்டுக்கு இறங்கிவிட்டது. காரைப் பின்னுக்கு எடுக்கத் தலையைத் திருப்ப ஏலாது.

ஊரென்றால் சித்தாலேப பூசி, சுளுக்கெடுக்கிற ஆளிடம் கழுத்தைக் கொடுத்திருப்பேன். இங்கே குடும்ப வைத்தியர் பிசியோவுக்கு, அதுதான் உடற்பயிற்சியால் நோ மாற்றும் பிசியோதெரபிக்கு, எழுதித் தந்தார். ஒன்ராறியோவில் 20 தொடக்கம் 64 வயதுவரை உள்ளவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் தங்கி வந்தவர்கள், அரச உதவி எடுப்பவர்கள் போன்ற சிலரைத் தவிர, ஓஹிப் என்கிற மாகாண அரச மருத்துவக் காப்புறுதி பிசியோவுக்குக் காசு கட்டாது. வேலையிடத்துக் காப்புறுதியில் பிசியோ இருக்கா என்று முதலே கேட்டு வையுங்கள்.

பிசியோ நிலையத்தில் நிரப்பத் தந்த படிவத்தில், உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு, 2009இல் பட்ட ஷெல் பீஸ், தோள்பட்டைக்குக் கீழே. பிசியோ இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. "வேலையில நடந்த அக்சிடென்ற்றா அங்கிள்?" என்று கேட்டாள். (அங்கிள் என்றது தனி நோ.) சண்டைக்குள் பட்டது என்றேன். இந்தக் கழுத்து நோவுக்கு ஸ்கான் தேவையில்லை, ஆனால் எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் பீஸ் இருப்பதை முதலே சொல்லி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேணும் என்றாள். அந்தக் காந்தம் இரும்பை அசைக்கும். வன்னியிலிருந்து வந்த கனபேருக்கு இது பொருந்தும், படிவத்தில் மறைக்காதீர்கள்.

மசாஜ் செய்வாள் என்று சட்டையைக் கழற்றத் தயாராக இருந்தவனைப் படுக்க வைத்துத் தலையாட்டச் சொன்னாள். தலையைத் தூக்காமல், ஆருக்கோ மெல்ல "ஓம்" சொல்வதுபோல நாடியை உள்ளுக்கு இழுத்து, பத்து விநாடி பிடித்து, விடவேணும். அப்படிப் பத்துத் தரம். முன்கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தால் தசை புடைக்கக் கூடாது. புடைத்தால் மேல்தசைதான் வேலை செய்கிறது, உள்ளே தலையைத் தாங்கும் சின்னத் தசைகள் நித்திரை. சுகமான வேலை போலத் தெரியும், ஐந்தாவது தரத்தில் கழுத்து நடுங்கும். அடுத்தது ரப்பர் பட்டி: கதவுப்பிடியில் கட்டி, முழங்கைகளைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு தோள்பட்டை எலும்பையும் நெருக்குவது.

சும்மா இழுத்து நீட்டுவதை விட, கழுத்துக்கும் தோளுக்கும் பலம் ஏற்றும் பயிற்சிக்கே நாட்பட்ட நோவில் ஆதாரம் கூட என்று பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு 2015இல் வந்த கொக்ரேன் மீளாய்வும் சொல்கிறது. மாயம் ஒன்றுமில்லை, நோ குறையக் கிழமைக் கணக்கில் போகும். எனக்கு இப்போது தலை திரும்புகிறது. மழைநாளில் இன்னும் இறுக்கும்.

கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற அக்காவுக்கும் இதே கழுத்து. வட்ஸ்அப்பில் காட்டினேன்.

"உதுக்கோ டொலர் குடுத்தனி?" என்று சிரித்தாள். பிறகு அத்தானின் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி, யன்னல் கம்பியில் கட்டி இழுக்கத் தொடங்கிவிட்டாள். ரப்பர் பட்டியை விட அது நல்ல இறுக்கம்.

போன கிழமை கதைக்கும்போது, விரல் விறைக்கிறது, ஊசியில் நூல் கோர்க்கக் கை தடுமாறுகிறது என்றாள். அது வேறு கதை. நரம்பு நெரிபட்டாலும் அப்படி வரும், பயிற்சியை நிப்பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். லீவு போட்டால் சம்பளத்தில் வெட்டுவார்களாம், அடுத்த மாதம் பார்ப்பம் என்கிறாள். அத்தானுக்குப் போன் எடுத்து, நாளைக்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.