முன்கயிறு

யூலை 22, செவ்வாய்

வள்ளத்தை வான் வண்டியின் கூரையில் கட்டி அல்கோன்குவின் பூங்காவுக்குக் கொண்டுபோக வேண்டும். வள்ளம் 98 இறாத்தல். 44.5 கிலோ. குளியலறைத் தராசை ஒரு முனைக்குக் கீழே வைத்து, மற்ற முனைக்கு அதே உயரத்தில் பலகைத்துண்டு. பிறகு முனை மாற்றி இன்னொருமுறை. இரண்டையும் கூட்டினால் முழு நிறை. 17 அடி, மூன்றடுக்குப் பிளாஸ்டிக். பாறையில் இழுபட்டாலும் உடையாது. அந்தத் தடிப்புக்குத்தான் இந்தப் பாரம்.

வானின் கையேட்டில் கூரைக்கு 75 கிலோ. அதற்குள், கூரைக்குக் குறுக்கே பூட்டும் இரண்டு சட்டங்களும் அடக்கம், அவை 6 கிலோ. சட்டம் வந்த பெட்டியில் வேறு எண் இருந்தால், இரண்டில் குறைந்ததுதான் கணக்கு. 24.5 கிலோ மிச்சம் இருக்கிறதே என்று கூடாரப் பையை மேலே போடக் கூடாது. ஓட்டத்தில் பை நசியும், கட்டிய பட்டி தளரும்.

பாரத்துக்குப் பயமில்லை. கூரையை விட்டு வள்ளத்தைக் கிளப்புவது காற்று.

யூலை 23, புதன்

முன்கயிறு, வள்ளத்தின் முன்முனையை வானின் முன்பக்கத்தோடு பிடிப்பது. அதைக் கட்ட வானில் இரும்பு எங்கே?

யூலை 25, வெள்ளி

பம்பர் முழுக்கப் பிளாஸ்டிக். அதில் கட்டினால் பம்பரும் சேர்ந்து போகும். உதிரி ரயர்ச் சாமான்களோடு ஓர் இழுவைக் கொக்கி இருக்கிறது, பம்பரில் சின்ன மூடியைக் கழற்றி முறுக்கிப் பூட்டலாம். (சில கார்களில் இடப்புரி. வலப்பக்கம் திருகிப் புரியைக் கெடுத்துவிடக் கூடாது.) ஆனால் கொக்கி ஒரே பக்கம்தான். ஒரு பக்கம் கட்டினால் வள்ளத்தின் மூக்கு அந்தப் பக்கம் இழுபடும். கரையில் அந்த மூக்குக்கு அணியம் என்று பெயர், பின்முனை கடையார். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

வழி பொனற்றுக்குள் இருந்தது. இரு ஓரத்திலும் மட்காட்டைப் பிடிக்கும் இரும்பு ஆணிகள், 10 மில்லிமீற்றர்ச் சாவி. ஒன்றைக் கழற்றி, நாடாக் கண்ணியின் வளையத்துக்குள்ளால் விட்டுத் திரும்ப இறுக்க வேண்டும். பொனற்றை மூடினால் கண்ணி இடுக்கால் வெளியே நிற்கும், வேலை முடிந்தால் உள்ளே மடித்துவிடலாம். மேல்மூடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஆணியில் மாட்டுவதில் பயனில்லை. இரும்போடு இரும்பு பிடித்திருக்க வேண்டும். இடம் ஒன்று, வலம் ஒன்று. அணியத்திலிருந்து கவைபோல் இரண்டு கயிறு.

மச்சான் வந்து பார்த்துவிட்டு, "உந்தக் கயிறு என்னத்துக்கு, நடுவில ரெண்டு பட்டி காணும்" என்றார். காணாது. சட்டங்களுக்கு இடையில் 90 சென்ரிமீற்றர். வள்ளம் 518. முன்னால் இரண்டு மீற்றருக்கு மேல் பிடிமானமில்லாமல் நிற்கிறது. அந்த நுனியைக் காற்று தூக்கினால் நெம்புகோல் கணக்கில் முழு அடியும் சட்டத்தின் பூட்டில் விழும். பட்டி அறாது. சட்டமே கூரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும்.

கயிறு 8 மில்லிமீற்றர் பொலியெஸ்ரர். நைலோன் இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். மலிவான நீலக் கயிறு வழுக்கும், முடிச்சு நில்லாது, வெயிலில் உக்கும்.

யூலை 26, சனி

ஏற்றிப் பார்த்தது. வானின் பின்கூரையில் சுறாச்செட்டை மாதிரி அன்ரெனா. பின்னாலிருந்து கம்பளத்தில் வழுக்கி ஏற்றும் வழக்கமான முறை இந்த வானுக்குச் சரிவராது, முதல் தள்ளிலேயே செட்டை முறியும்.

பக்கவாட்டால் ஏற்ற வேண்டும். முன்சட்டத்தின் குழாய்க்குள் இன்னொரு இரும்புக் குழாயைச் செருகி 60 சென்ரிமீற்றர் வெளியே நீட்டி வைத்தது. வள்ளத்தைக் கவிழ்த்து வானுக்குப் பக்கத்தில் போட்டு, அணியத்தை மட்டும் தூக்கி அந்த நீட்டில் சாத்த வேண்டும். அரைப் பாரம்தான் கையில் வரும். பிறகு கடையாரைத் தூக்கிப் பின்சட்டத்தில் வைத்து, அணியத்தை உள்ளே நகர்த்தலாம். குழாயைக் கழற்ற மறக்கக் கூடாது, அது கண் உயரத்தில் நிற்கிறது.

இரண்டு பேர் என்றால் ஆளுக்கொரு முனை, ஒரே பக்கம் பார்த்து நின்று, முதலில் தொடைக்கு, பிறகு தோளுக்கு. எண்ணிக்கை ஒருவர் வாயிலிருந்து மட்டும் வர வேண்டும்.

யூலை 27, ஞாயிறு

பட்டி: ஓரங்குல அகலம், 15 அடி நீளம், பல்லால் கவ்வும் பக்கிள். நெம்பி இறுக்கும் றச்செற் பட்டி வேண்டாம், அதன் பலம் தெரியாமல் விளிம்பை நெரித்துவிடும். பட்டி சட்டத்துக்குக் கீழால் போய், வள்ளத்தின் விளிம்பை ஒட்டி ஏற வேண்டும். சட்டத்தின் நுனியில் தள்ளிக் கட்டினால் வள்ளம் இரு பக்கமும் ஆடும். பக்கிள் வள்ளத்தில் அடிக்காமல் பழைய சொக்ஸ். தட்டையாக விட்ட பட்டி ஓட்டத்தில் வண்டுபோல் ரீங்காரமிடும், ஒரு முறுக்குக் கொடுத்தால் அடங்கும்.

முன்கயிற்றை மூன்றுமுறை கட்டி அவிழ்த்தது. அணியத்துக் கைப்பிடி இரண்டு சிறு திருகாணியில் நிற்கிறது. அதை நம்ப முடியாது. வள்ளத்தின் முன் இருக்கைச் சட்டத்தைச் சுற்றிக் கட்டுவதே சரி.

யூலை 29, செவ்வாய்

உயரம் 2.23 மீற்றர். கட்டியபடி கடைகளின் நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்குள் போகவே கூடாது.

யூலை 30, புதன்

ஓடிப் பார்த்தது. 80 இல் அசைவில்லை. 100 இல் அணியம் தலையாட்டியது. காற்றின் தள்ளு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 80 இலிருந்து 100 க்கு ஒன்றரை மடங்குக்கு மேல். வேகம் கால்பங்குதானே கூடியது என்று நினைத்துத்தான் ஏமாறுகிறார்கள்.

இடக்கயிறு தளர்ந்திருந்தது. லொறிக்காரர் முடிச்சு: கயிற்றின் நடுவில் ஒரு சுருக்கு, நுனியைக் கீழ்க்கண்ணிக்குள்ளால் எடுத்துச் சுருக்குக்குள் விட்டுக் கீழே இழுத்து, கிள்ளிப் பிடித்தபடி இரண்டு அரைமுடிச்சு. நான் கிள்ளாமல் விட்ட அந்த நொடியில்தான் இறுக்கம் போயிருக்கிறது. அதற்காக முறுக்கி இழுக்கவும் கூடாது, வெயிலில் பிளாஸ்டிக் வளையும். கயிறு தட்டினால் அதிர வேண்டும், அணியம் குனியக் கூடாது.

மிஞ்சும் நுனியைச் சுற்றி முடிந்தே ஆக வேண்டும். தொங்கினால் முன்சில்லுக்குள் போய் வள்ளத்தையே கீழே இழுக்கும். அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது, பின்னால் பிள்ளைகள் இருப்பார்கள்.

முன்கண்ணாடியின் மேலோரத்தில் அணியத்துக்கு நேராக ஒரு ரேப் துண்டு ஒட்டியாயிற்று. அணியம் அதைவிட்டு விலகினால் ஓரங்கட்ட வேண்டும்.

யூலை 31, வியாழன்

சனிக்கிழமை வடமேற்குக் காற்று. வீச்சு 50 வரை.

ஓகஸ்ட் 1, வெள்ளி

சாமான் முதலில், வள்ளம் பிறகு. பின்கயிறு கட்டினால் பின்கதவு திறக்காது. சாப்பாட்டுப் பெட்டி, மழையங்கி, முதலுதவி எல்லாம் பக்கக் கதவால் எட்ட வேண்டும்.

பின்னால் 1.5 மீற்றர் நீட்டினால் ஒன்ராறியோவில் சிவப்புத் துணி கட்டாயம், இரவில் சிவப்பு விளக்கு. நமக்கு அரை மீற்றர்கூட இல்லை. இருந்தும் கடையாரில் ஒரு சிவப்புத் துண்டு.

காற்று இன்னும் அதே.

ஓகஸ்ட் 2, சனி

5.10 புறப்பாடு. 15 நிமிடத்தில் முதல் நிறுத்தம்: முன்பட்டியில் ஒரு விரல் தளர்வு. எப்போதும் அப்படித்தான், ஓட்டத்தில் எல்லாம் தன் இடத்தில் அமரும். 400 ஆம் நெடுஞ்சாலையில் வலது ஓரம், வேகம் 90. பெரிய லொறி கடக்கும்போது முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ரேப் துண்டிலிருந்து அணியம் அசையவில்லை. பேரி நகரில் வெயில் ஏறியபின் பட்டிகள் திரும்பவும் தளர்வு. கயிறு இரண்டும் கல்லுப்போல்.

ஹன்ற்ஸ்வில், பிறகு 60 ஆம் நெடுஞ்சாலை. அல்கோன்குவின் மேற்கு வாசலிலிருந்து 14 ஆவது கிலோமீற்றரில் கனூ ஏரித் திருப்பம். இறக்கியாயிற்று.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

காற்று. ஏரி வெள்ளையாகக் கிடக்கிறது.

ஓகஸ்ட் 4, திங்கள்

திரும்ப ஏற்றுமுன் பாசி, சேறு எல்லாம் கழற்றி, கவிழ்த்துத் தண்ணீர் வடிக்க வேண்டும். 2022 யனவரி 1 முதல் இது இங்கே சட்டம், ஒரு ஏரியின் சிப்பி இன்னொரு ஏரிக்குப் போகக் கூடாது என்று. அதோடு, இருக்கைக்குக் கீழே நிற்கும் தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ.

6.20. மரநுனிகள் ஆடுகின்றன. இந்தக் காற்றில் தூக்கியபின் கயிறு தேட முடியாது. முன்கயிறு இரண்டையும் தரையிலேயே வள்ளத்தில் கட்டியாயிற்று. மச்சான் கடையாரில் நிற்கிறார்