மகன் கழுத்தில் சிவப்புக் கோடு: டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய அந்த ஒரு நாள்

எங்கள் வீடு வீரவநல்லூர் பக்கம். கன்னடியன் கால்வாய் பாயும் வயலை ஒட்டினாற்போல இருக்கிறது, தார்சாவில், அதாவது முன்தாழ்வாரத்தில், உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டியவரை நெல்தான். போன கார்த்திகையில் நாலு நாள் அடைமழை பெய்து வெறித்த ஒரு சனிக்கிழமை ராத்திரி, உள்ளே புழுக்கமாக இருக்கிறதென்று தார்சாவிலேயே பாய் விரித்து, ட்யூப் லைட்டை அணைக்காமல் மகனைப் படுக்கவைத்தேன். அவனுக்கு நாலு வயது. லைட்டைச் சுற்றி ஈசலும் சின்னச் சின்னப் பூச்சிகளும் மொய்த்துக்கொண்டிருந்தன. நடுராத்திரியில் தூக்கத்திலேயே கழுத்தைக் கையால் அழுத்தித் தேய்த்தான், நான் கொசு என்று நினைத்து விசிறிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஒன்றுமே இல்லை. சாயங்காலம் விளையாடிவிட்டு வந்தவன் கழுத்து எரியுதும்மா என்றான். சட்டையை விலக்கிப் பார்த்தால் வலது காதுக்குக் கீழே ஆரம்பித்து, தொண்டைக்குழியைத் தாண்டி இடது பக்கம்வரை விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு, சூட்டுக்கோல் இழுத்த மாதிரி. முழங்கை மடிப்பிலும் சிவப்பு, மடிப்புக்கு மேலே ஒன்று, கீழே அதே வடிவத்தில் இன்னொன்று. எனக்குக் கை கால் ஓடவில்லை.

அத்தை, என் மாமியார், பார்த்த உடனே சொன்னார்கள், "ஏளா, இது அக்கில்லா! பானை வனையுற வேளார் வீட்ல காவி எழுதிட்டு வந்தா மூணு நாள்ல அடங்கிரும்." பக்கத்து வீட்டுப் பெரியம்மை, பல்லி எச்சம் பட்டிருக்கும், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசு என்றார்கள். நான் யோசித்து முடிப்பதற்குள் வேப்பிலை வந்து, அம்மியில் அரைத்து, அத்தை பூசியும் விட்டார்கள். அத்தைமேல் எனக்குக் கோபம் கிடையாது. பிள்ளை மேல் அவர்களுக்கு இருக்கும் பாசம் எனக்கு இருப்பதைவிடக் கூடுதல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் பூசிய நிமிஷத்தில் அவன் வீட்டை இரண்டாக்கிவிட்டான், எரிச்சல் அப்படி. உடனே குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவினேன். பச்சையும் மஞ்சளும் தோலில் ஏறிக்கொண்டு, அடியில் சிவப்பு எவ்வளவு இருக்கிறது, பரவியிருக்கிறதா என்றே தெரியாமல் போனதுதான் மிச்சம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அம்பாசமுத்திரத்தில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் குழந்தை டாக்டர் மறுநாள் சாயங்காலம்தான் இருப்பார். 104-க்குப் போன் போட்டேன், அரசாங்கத்தின் மருத்துவ ஆலோசனை எண் அது, பணம் கிடையாது. அந்தப் பக்கம் பேசியவர்கள் அவசரப்படாமல் கேட்டார்கள்: காய்ச்சல் இருக்கிறதா, கண்ணோ உதடோ வீங்கியிருக்கிறதா, மூச்சு இழுக்கிறதா, வாய்க்குள் புண் இருக்கிறதா, பிள்ளை சோர்ந்து கிடக்கிறானா, விளையாடுகிறானா. ஊதா நிறத்தில் புள்ளிகள் இருந்தால் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள், அழுத்தியும் மறையாவிட்டால் விடியும்வரை காத்திருக்கவே கூடாது, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். இதில் எதுவும் அவனுக்கு இல்லை. அப்படியானால் மறுநாள்வரை பொறுக்கலாம், ஆனால் இதில் ஒன்று வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள் என்று சொன்னார்கள். அந்தக் கேள்விகளை அப்படியே காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன், இன்னும் அடுக்களைக் கதவில் ஒட்டியிருக்கிறது.

சரி, அந்த ராத்திரியும் மறுநாள் பகலும் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் வாசனையில்லாத சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில், தேய்க்காமல் கழுவினேன். கழுத்தை மட்டுமல்ல, இரண்டு கைகளையும் விரலிடுக்கோடு சேர்த்து, ஏனென்றால் எதுவோ ஒன்று பட்டு எரிந்திருந்தால் அது அவன் விரலிலும் இருக்கும், அந்த விரலால் கண்ணைக் கசக்கினால் கண்ணும் வீங்கும். நகத்தை ஒட்ட வெட்டினேன். பாய், தலையணை உறை, போட்டிருந்த சட்டை எல்லாவற்றையும் துவைக்கப் போட்டேன். தாத்தாவின் பழைய வேட்டியில் கிழித்த துணியைப் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பத்துப் பத்து நிமிஷம் கழுத்தில் வைத்து எடுத்தேன். பிரிட்ஜ் ஐஸை நேராக வைக்கவில்லை, சின்னப் பிள்ளைத் தோலை அந்தக் குளிர்ச்சியே புண்ணாக்கிவிடும். காலர் இல்லாத பருத்திச் சட்டை. அவ்வளவுதான். துணி வைத்த கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது, ராத்திரி இரண்டு தடவை முழித்தான், இரண்டு தடவையும் அதே துணிதான்.

இதற்கு நடுவே இவன் அப்பா மெடிக்கலுக்குப் போய் ஒரு ட்யூப் வாங்கிவந்தார்கள். எல்லாத் தோல் வியாதிக்கும் கேட்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிப் படித்துப் பார்த்தேன், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் ஒன்றாகக் கலந்த களிம்பு. இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கிவிட்டது, ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. எங்கள் மதினி படர்தாமரைக்கு இதைப் போல ஒன்றைத் தடவினாள், முதல் வாரம் சிவப்பும் அரிப்பும் அடங்கின, பூஞ்சை மட்டும் உள்ளுக்குள்ளே பரவி, இடுப்பில் இருந்த ரூபாய் அளவு வட்டம் முதுகுவரை போனது. பெரியவர்களுக்கே அப்படி என்றால் பிள்ளையின் தோல் இன்னும் மெல்லிசு, மருந்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். என்ன நோய் என்றே தெரியாமல் தடவமாட்டேன் என்று ட்யூபைப் பிரிக்காமல் பையில் போட்டேன். இவன் அப்பாவுக்கு முதலில் வருத்தம்தான், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் கிடந்த சளி சிரப்பைக் கொடுத்தால் தூங்குவானே என்ற யோசனையும் வந்தது, அதையும் வேண்டாம் என்றேன், எடைக்குத் தக்க அளவு தெரியாமல் கொடுக்கும் சங்கதியா அது.

போட்டோ எடுத்ததைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை விடிந்ததும் வாசல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து எடுத்தேன், மதியம் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. காலையில் வெறும் சிவப்பாக இருந்த இடத்தில் மதியத்துக்குள் குண்டூசித் தலை அளவில் நீர்க்கொப்புளங்கள் வரிசையாக வந்துவிட்டன. எதையும் உடைக்கவில்லை, பவுடரும் போடவில்லை.

டாக்டர் அந்த மூன்று படங்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "பையன் எங்கம்மா படுத்திருந்தான்? லைட் எரிஞ்சுதா? பக்கத்துல வயல் இருக்கா?" நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லச் சொல்ல அவர் முகத்தில் குழப்பம் போய்விட்டது. பெடெரஸ் என்ற வண்டின் வேலை இது என்றார், அதை ஆசிட் பூச்சி என்றும் சொல்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, எறும்பு மாதிரி ஒல்லி, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும், வாலைத் தேள் போலத் தூக்கும். கடிக்காது, கொட்டாது. ஆனால் நசுக்கினால் அதன் உடம்புக்குள் இருக்கும் பெடெரின் என்ற நஞ்சு தோலில் பட்டுப் பொத்துவிடும். பட்ட உடனே தெரியாது, ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் சிவக்கும், அதனால்தான் யாரும் பூச்சியோடு சேர்த்து நினைப்பதில்லை. தூக்கத்தில் இவனே தேய்த்து இழுத்ததால் கோடாக வந்திருக்கிறது. கையை மடக்கியபோது ஒரு பக்கத்து நஞ்சு மறுபக்கம் ஒட்டியதால் முழங்கையில் ஜோடியாக வந்திருக்கிறது. அக்கியா டாக்டர் என்று அத்தைக்காகக் கேட்டேன். அக்கி வழக்கமாக உடம்பின் ஒரு பக்கத்தோடு நிற்கும், இது நடுக்கழுத்தைத் தாண்டியிருக்கிறது பாருங்கள் என்று காட்டினார்.

ஐந்து நாளைக்கு மெல்லிசாகத் தடவ ஒரு களிம்பு, ராத்திரி அரிப்புக்கு 14 கிலோவுக்குத் தக்க அளவில் சிரப், சீழ் வைத்தால் உடனே வரவேண்டும் என்ற எச்சரிக்கை. களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது, ஆனால் எந்த வகை, எத்தனை நாள், எங்கே தடவக்கூடாது என்று அவரே எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் ட்யூபைக் காட்டியபோது, தடவாமல் கொண்டுவந்தது நல்லது, தடவியிருந்தால் எனக்கு இந்தக் கோடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது என்றார். எட்டாம் நாள் பொருக்கு உதிர்ந்தது. கறுப்புத் தழும்பு மட்டும் பொங்கல் கழியும்வரை மங்கலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமா சிரித்தார்கள். அந்தப் பூச்சியை அவர்கள் வயலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள், நெல்லில் விழும் தத்துப்பூச்சியைத் தின்கிற நல்ல பூச்சி, மருந்தடித்துக் கொல்லாதே என்பார்கள். அதனால் இப்போது மழை வெறித்த ராத்திரிகளில் தார்சா லைட்டை ஏழு மணிக்கே அணைத்துவிடுகிறோம், உள்ளே கொசுவலைக்குள் படுக்கிறோம், பூச்சி மேலே ஏறினால் அடிக்காமல் ஊதிவிடுகிறோம். போன வாரம் அத்தை முந்தானையில் ஒன்று ஊர்ந்தது. தட்டக் கையை ஓங்கியவர்களை மகன்தான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான், "ஆச்சி, அடிக்காதிய, ஊதுங்க."