42ஆம் பக்கம்

"இது தவறா சார், இல்லை வேண்டாமா?"

அந்த மாணவி கேட்டது இவ்வளவுதான். "வேண்டாம்" என்றேன். ஆண்டுகள் பல ஓடிவிட்டன. அந்தச் சொல்லைச் சொன்னபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

முதுகலை இறுதியாண்டு ஆய்வேடு. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தமும் இந்தியாவின் நிலைப்பாடும் என்பது நான் கொடுத்த தலைப்பு. முதல் மூன்று இயல்களில் நான் கை வைக்க எதுவும் இல்லை. 1967 ஜனவரி 1க்கு முன்பு வெடித்துப் பார்த்த ஐந்து நாடுகளுக்கு ஓர் அளவுகோல், மற்றவர்களுக்கு வேறோர் அளவுகோல் என்று 1968இல் எழுதப்பட்ட ஒப்பந்தம். ஆயுதக் களைவுக்காக நல்லெண்ணத்துடன் பேசுவோம் என்று ஆறாம் பிரிவில் கொடுத்த வாக்கு இன்னும் நிறைவேறாமல் கிடப்பது. இந்தியா கையெழுத்திட மறுத்தது. 1974, 1998 பொக்ரான் சோதனைகள். வகுப்பில் நான் சொன்னதைவிடத் தெளிவாக எழுதியிருந்தாள்.

நான்காம் இயல் 2003 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட நம் அணு ஆயுதக் கொள்கையைப் பற்றியது. அதன் கடைசிப் பக்கம்தான் 42.

அணுகுண்டை நாம் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது அந்தக் கொள்கையின் சாரம். அப்படி ஒரு நாடு சொன்னால், முதல் அடியை வாங்கிய பிறகும் திருப்பியடிக்கும் வலு அதனிடம் மிஞ்சியிருக்க வேண்டும். அதற்காகத்தான் நீர்மூழ்கிக் கப்பல். நம் அணு ஆயுத நீர்மூழ்கியான அரிஹந்த் தன் முதல் ரோந்தை முடித்துத் திரும்பியதாக 2018 நவம்பரில் பிரதமர் அறிவித்த நாளில், செய்தித்தாளோடு துறைக்கு ஓடி வந்தவள் அவள். ஆழத்தில் கிடக்கும் கப்பலுக்குச் சாதாரண வானொலி அலை எட்டாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைதான் கடல்நீருக்குள் சிறிதாவது இறங்கும். அதை அனுப்ப வானளாவிய கம்பங்கள் வேண்டும். அந்தக் கம்பங்கள் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து விஜயநாராயணத்தில் நிற்கின்றன. கட்டபொம்மன் பெயரில் 1990இல் கடற்படை தொடங்கிய நிலையம். நாங்குநேரியிலிருந்து திசையன்விளை போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த யாரும் பார்த்திருப்பார்கள்.

இதுவரை எல்லாரும் அறிந்தது. அதற்குப் பிறகு அவள் எழுதியிருந்தாள்: கப்பல் நகரும், ஒளிந்துகொள்ளும்; கம்பம் நகராது. முதல் அடியைத் தாங்கிக்கொண்டு பிறகு அடிப்போம் என்று டெல்லியில் எழுதும்போது, தாங்கிக்கொள்ளப் போவது யார்? எங்கள் பனங்காட்டையும் எங்கள் கடற்கரையையும் கேட்டு எழுதிய வரியா அது?

பிழை தேடினேன். கூடங்குளத்தை இதில் கலந்திருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன்; எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் குழப்பம் அது. இல்லை. ரஷ்ய உதவியுடன் கட்டிய அந்த உலைகள் மின்சாரத்துக்கானவை, சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருப்பவை, குண்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்று அடிக்குறிப்பு போட்டுப் பிரித்தே வைத்திருந்தாள்.

ஒன்றைச் சொல்லியிருக்கலாம். எதிரி எந்த இடத்தைக் குறிவைத்திருக்கிறான் என்பதற்குச் சான்று கிடையாது. சான்றில்லாததை ஆய்வேட்டில் எழுதக் கூடாது. அது நியாயமான ஆட்சேபம். இன்றும் அதில் நிற்பேன். ஆனால் நான் அதைச் சொல்லவில்லையே. "தலைப்புக்குள் வராது" என்றேன். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அவளுக்காகத்தான் செய்தேன் என்று பல இரவுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூடங்குளம் போராட்டக் காலத்தில் வழக்கில் பெயர் சேர்ந்தவர்கள் பாஸ்போர்ட்டுக்கு எப்படி அலைந்தார்கள் என்பது கடற்கரை ஊர்களில் தெரியாதவர் இல்லை. அவள் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடற்படை நிலையத்தின் பெயரோடு அவள் பெயர் ஒரே தாளில் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஓர் ஆசிரியர் அப்படி நினைப்பது குற்றமா?

ஆனால் அந்த நினைப்பு எப்போது வந்தது? உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவள் அறையை விட்டுப் போன பிறகு. அந்த நிமிடத்தில் என் மனத்தில் இருந்தது வெளியிலிருந்து வரப்போகும் தேர்வாளரும், முதல் பக்கத்தில் நான் போட வேண்டிய கையெழுத்தும்தான்.

எனக்கு அதைவிட வலிப்பது வேறு. அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. அந்தக் கம்பம் நிற்பதால்தான் அடி விழாது. அடித்தால் கடலுக்கடியிலிருந்து பதில் வரும் என்ற அச்சம்தான் எதிரியின் கையைப் பிடித்து வைத்திருக்கிறது. நம் ஊர் இலக்கு மட்டுமல்ல, கேடயமும்கூட. தடுப்பாற்றல் என்பதே இதுதான். நான் அப்படித்தான் கற்பிக்கிறேன், பெரும்பாலும் நம்பவும் செய்கிறேன். அவள் விடமாட்டாள். கேடயத்தின் மேல்தானே சார் வெட்டு விழும் என்பாள். நான் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பேன். மதியம் முழுவதும் பேசியிருப்போம். ஆசிரியராக இத்தனை ஆண்டுகளில் எனக்கு அப்படி ஒரு மதியம் அமைந்ததில்லை. அதை ஒரு சொல்லில் முடித்துவிட்டேன்.

அவள் படிப்பை முடித்துப் போன சில மாதங்களில், 2019 ஆகஸ்டில், முதலில் பயன்படுத்துவதில்லை என்ற கொள்கை இதுவரை அப்படியே இருக்கிறது, எதிர்காலத்தில் என்ன ஆகும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்று பாதுகாப்பு அமைச்சர் பொக்ரானில் சொன்னார். எல்லாத் தொலைக்காட்சிகளிலும் விவாதம். வல்லுநர்கள் பேசினார்கள். கம்பத்தடியில் வாழ்கிறவர்களைப் பற்றி யாராவது கேட்பார்களா என்று இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்தவரை யாரும் கேட்கவில்லை. அவளைக் கூப்பிடலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

அவள் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். என் கோப்பில் இருக்கிறது. பென்சிலால் நான் குறுக்கே போட்ட கோட்டை ஒருமுறை அழித்துப் பார்த்தேன். கோடு போனது, அது தாளில் விட்ட பள்ளம் போகவில்லை. நூலகத்தில் இருக்கும் பிரதியில் 42ஆம் பக்கத்திலிருந்து முடிவுரை தொடங்குகிறது. கீழே என் கையெழுத்து.