பழைய உழவு எந்திரங்களுக்கு ஏற்ற பழைய டிரெய்லர்

பழைய டிராக்டர்களையும் கதிரடிக்கும் எந்திரங்களையும் தேடிச் சேர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் சொந்தமாகவே ஒரு பிளாட்பெட் டிரெய்லர் (தட்டையான திறந்த தளம் கொண்ட இழுவை வண்டி) தேவைப்பட்டுவிடுகிறது. புதியது கட்டுப்படியாகாதபோது, பிறர் ஓட்டிய வண்டிகளில் நல்லதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நான் இதுவரை இரண்டு வாங்கியிருக்கிறேன். முதல்முறை டிரெய்லரை வாங்கிவிட்டு, அதில் எதையெல்லாம் ஏற்றலாம் என்று பிறகு யோசித்தேன். அது தவறு. ஏற்றப்போகும் எந்திரத்தின் எடை, நீளம், சக்கர அகலம் மூன்றையும் குறித்துக்கொண்ட பிறகுதான் டிரெய்லர் பார்க்கக் கிளம்ப வேண்டும்.

1917-இல் வெளிவரத் தொடங்கிய ஃபோர்ட்சன் எஃப் டிராக்டர் ஏறத்தாழ 1,200 கிலோதான். நீராவி இழுவை எந்திரமோ பத்து டன்னையும் தாண்டக்கூடும். டிரெய்லரின் தகட்டில் பொறித்திருக்கும் மொத்த எடை, ஏற்றக்கூடிய பாரம் அன்று. தகட்டில் 3,500 கிலோ என்றிருந்து வெறும் வண்டியே 900 கிலோ என்றால் மீதி 2,600 கிலோ. சங்கிலிகளும், எந்திரத்தைக் கம்பிவடத்தால் இழுத்து ஏற்றும் வின்ச்சும், சாய்தளமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

எடையைப் போலவே, அது எந்த இடத்தில் இறங்குகிறது என்பதும் முக்கியம். இரும்புச் சக்கரம் கொண்ட எந்திரம் தன் பாரம் முழுவதையும் சில குறுகிய பட்டைகளின்மேல் இறக்குவதால், குறுக்குச் சட்டங்கள் தள்ளித் தள்ளி அமைந்த தளத்தில் பலகை பிளந்துவிடும். இரும்புத் தகட்டுத் தளம் பிளக்காது, ஆனால் மழை ஈரத்தில் இரும்பின்மேல் இரும்பு வழுக்கும். தேய்ந்தால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்பதால் தடித்த மரப்பலகைத் தளத்தையே நான் விரும்புகிறேன். முன்சக்கரங்கள் இரண்டும் நடுவில் ஒட்டியிருக்கும் டிராக்டர் உங்களிடம் இருந்தால், இரண்டு தனித்தனிச் சாய்தளங்கள் உதவா. தளத்தின் முழு அகலத்துக்கும் ஒரே சாய்தளம் வேண்டும்.

சாய்தளத்தின் நீளத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 60 சென்டிமீட்டர் உயரத் தளத்துக்கு ஒன்றரை மீட்டர் சாய்தளம் போட்டால் சரிவு ஏறத்தாழ 24 டிகிரி ஆகிறது, அதையே 2.4 மீட்டராக்கினால் 15 டிகிரிக்குள் அடங்குகிறது. ஃபோர்ட்சன் எஃப் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்வதற்குப் பெயர்போனது. அத்தகைய வண்டியைச் சரிவில் ஓட்டி ஏற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். ஆகவே வின்ச் பொருத்தத் தளத்தின் முன்னால் உறுதியான சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் முதல் டிரெய்லர் கறுப்பு வண்ணம் பூசிப் பளபளவென்று நின்றது. விற்றவர் அண்மையில்தான் வண்ணம் அடித்ததாகச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூன்றாவது பயணத்துக்குப் பிறகு அடியில் படுத்துப் பார்த்தபோது, பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கிக்கு மேலே, சட்டத்தின் கீழ்விளிம்பில் மயிரிழை போல ஒரு துருக்கோடு தெரிந்தது. நகத்தால் வருடினேன், நகம் உள்ளே இறங்கியது. பழைய விரிசலை மேலோட்டமாகப் பற்றவைத்து, வண்ணத்தால் மூடியிருந்தார்கள். அன்றிலிருந்து கையில் ஒரு சிறு சுத்தியல் இல்லாமல் நான் டிரெய்லர் பார்க்கப் போவதில்லை. நல்ல இரும்பு தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்திருந்தால் மந்தமாகக் கேட்கும். ஸ்பிரிங் கொக்கிகள், இழுவைக் கம்பு சட்டத்தோடு சேரும் மூலை, குறுக்குச் சட்டங்களின் முனைகள் ஆகிய மூன்று இடங்களையும் விளக்கைப் பிடித்து நிதானமாகப் பார்க்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு அது தயாரான வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர்கள் பெரும்பாலும் தேய்வதற்கு முன்பே நின்ற இடத்திலேயே காய்ந்து வெடிப்பு விட்டுவிடுகின்றன.

தள நீளத்தை முடிவு செய்கையில் முன்பாரம் பின்பாரத்தையும் கணக்கிட வேண்டும். டிராக்டரின் எடையில் பெரும்பகுதி அதன் பின் அச்சின்மேல் இருப்பதால், அந்த அச்சு டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால் வந்து நிற்கும் அளவுக்குத் தளத்தில் இடம் வேண்டும். பின்பாரம் மிகுந்தால் வேகத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். முன்பாரம் மிகுந்தால் இழுக்கும் வண்டியின் பின்புறம் அமிழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி குறையும். டிரெய்லரைப் பூட்டும் இழுவைக் கொக்கியின்மேல் எவ்வளவு பாரம் இறங்கலாம் என்பது இழுக்கும் வண்டியின் கையேட்டில் இருக்கும். அதை மீற வேண்டாம்.

பேசி முடிப்பதற்கு முன் டிரெய்லரைப் பூட்டிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இழுத்துப் பாருங்கள். நிறுத்தியதும் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுக்குடத்தின் அருகேயும் புறங்கையைக் கொண்டுபோங்கள். எல்லாம் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கொதித்தால், பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. என் இரண்டாவது டிரெய்லரில் இடப்பக்கப் பின்சக்கரம் அப்படித்தான் கொதித்தது. கழற்றிப் பார்த்தபோது கிரீஸ் கருகியிருந்தது. புதிய பேரிங் போட்டுத் தந்த பிறகே பணத்தைக் கொடுத்தேன்.