பெகாசஸ் சந்தேகமா? போனை ரீசெட் செய்யாதீர்கள்

போனுக்குள் நுழைந்து வேவு பார்க்கும் பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் உங்கள் ஐபோனைக் குறிவைத்திருக்கலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கை அனுப்பினால், பதற்றத்தில் கை முதலில் போவது ஃபேக்டரி ரீசெட்டுக்குத்தான். தயவுசெய்து வேண்டாம். உங்களை வேவு பார்த்தார்கள் என்பதற்கு அந்தப் போன்தான் சாட்சி.

முதலில், வந்தது அசல் எச்சரிக்கைதானா என்று பாருங்கள். மெயிலிலும் ஐமெசேஜிலும் வரும். அதில் உள்ள எதையும் தொடாமல், ஆப்பிள் கணக்குப் பக்கத்தில் நீங்களே உள்நுழையுங்கள். அசல் என்றால் மேலேயே தெரியும். பாஸ்வேர்டு கேட்டாலோ லிங்க்கை அழுத்தச் சொன்னாலோ அது போலி.

இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் பெகாசஸை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே விற்பதாகச் சொல்கிறது. ஏற்றுமதிக்கு அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். 2016இல் அமீரகத்தின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் அகமது மன்சூருக்குப் பெகாசஸ் எஸ்எம்எஸ் லிங்க்காக வந்தது. அவர் தொடாமல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதால்தான் ஐஓஎஸ் 9.3.5இல் மூன்று ஓட்டைகள் அடைபட்டன. 2021இல் பிடிபட்ட ஃபோர்ஸ்டுஎன்ட்ரி என்ற பெகாசஸ் தாக்குதல் முறையில் தொடுவதற்கு எதுவுமே இல்லை. ஜிஃப் என்ற பெயரில் வந்த பிடிஎஃப் கோப்பை போன் தானாகவே பிரித்துப் பார்த்தது, அதுவே போதுமானதாக இருந்தது. தெரியாத லிங்க்கைத் தொடாதே என்ற அறிவுரை மட்டும் இனிக் காப்பாற்றாது.

தடயம் எடுக்க, போனைக் கணினியில் இணைத்து பேக்கப் எடுங்கள். 'என்க்ரிப்ட்' பெட்டியை டிக் செய்ய மறக்கவேண்டாம். பாஸ்வேர்டு இல்லாத பேக்கப்பில் சஃபாரி வரலாறு போன்ற முக்கியமான பதிவுகள் வராது. அடுத்து சிஸ்டயக்னோஸ், அதாவது போனின் உள் இயக்கப் பதிவுகளின் தொகுப்பு: இரண்டு வால்யூம் பொத்தான்களையும் பக்கவாட்டுப் பொத்தானையும் சேர்த்து ஒன்றரை நொடி அழுத்தி விடுங்கள். சில நிமிடம் கழித்து செட்டிங்ஸில் பிரைவசி, அனலிட்டிக்ஸ் டேட்டா வழியே போனால் கோப்பு இருக்கும்.

பேக்கப்பை, மனித உரிமை அமைப்பான அம்னஸ்டியின் எம்விடி என்ற தடயத் தேடல் கருவியால் ஆராயலாம். அது பார்க்கும் இடங்களில் ஒன்று, எந்தச் செயலி எவ்வளவு டேட்டா செலவழித்தது என்று போன் எழுதிவைக்கும் கணக்கு. பெயர்கள் ஓர் அட்டவணையில், செலவுகள் இன்னொன்றில். பெகாசஸ் தன் பெயரை முதல் அட்டவணையிலிருந்து அழித்தது. இரண்டாவதில் செலவு வரிகளை அப்படியே விட்டுவிட்டது. பெயரில்லாத அந்த வரிகளை வைத்தே அம்னஸ்டி ஆய்வாளர்கள் பிடித்தார்கள்.

ஆனால் எம்விடி ஒன்றும் காட்டவில்லை என்றால் போன் சுத்தம் என்று பொருளல்ல. ஏற்கெனவே பிடிபட்ட இணைய முகவரிகளையும் (டொமைன்) செயலிப் பெயர்களையும்தான் அது ஒப்பிடும். ஆண்ட்ராய்டில் மிஞ்சும் பதிவுகள் இன்னும் குறைவு. பத்திரிகையாளர், செயற்பாட்டாளர் என்றால் டிஜிட்டல் உரிமை அமைப்பான ஆக்சஸ் நௌவின் உதவி மையத்தை அணுகுங்கள். 24 மணி நேரமும் இலவசம். தடயம் எடுத்த பிறகு ஐஓஎஸ் அப்டேட், தாக்குதலுக்கு வழிவிடும் வசதிகளை முடக்கும் லாக்டவுன் மோட் இரண்டும் கட்டாயம்.

எது நுழைந்தது என்பதைப் போன் சொல்லலாம். யார் வாங்கி ஏவினார்கள் என்பதைச் சொல்லாது. பெகாசஸ் புகார்களை விசாரிக்க இந்திய உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களை ஆராய்ந்தது. 5இல் தீங்கு மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று அந்தக் குழு சொன்னதை, 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி நீதிமன்றத்திலேயே தெரிவித்தார்.